பித்தளை போல்ட்

மீட்டர் பிரிவுக் குமாஸ்தாவின் வீட்டில் அழைப்பு மணியை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அடிக்கும். கூடத்து மின்விசிறியைப் போட்டால் படுக்கையறை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும். குளியலறைக் குழாயில் பாட்டில் மூடிகளை அடுக்கிச் செய்த வடிகட்டி ஒன்று தொங்கியது. தண்ணீர் நன்றாகத்தான் வடிந்தது. ஒரு வாளி நிறைய அரைமணி நேரம் ஆகும், அவ்வளவுதான். எல்லாம் அவர் கைவேலை.

"கல்யாணமான புதுசுல, என்னையும் பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி மாட்டத் தெரியாம முழிப்பாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் மனைவி சொல்லுவாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

தண்ணீர் வாரிய அலுவலகத்தில் அவர் செய்ததெல்லாம் எண்களைப் பார்ப்பது. யார் வீட்டு மீட்டர் எவ்வளவு ஓடியது என்று பார்த்துப் பார்த்துச் சாயங்காலம் கண் பூத்துப்போகும். கையால் தொட்டுப் பார்க்க ஒன்றுமே கிடையாது. அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து, வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, ஆறு மணிக்கெல்லாம் காதுக்காரர் கடைக்குப் போய்விடுவார்.

காதுக்காரர் கடை தெரு முனையில் எட்டடிக்கு எட்டடி. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, மேசை விசிறி, குக்கர், தண்ணீர் மோட்டார், எது வந்தாலும் பார்ப்பார். ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற மோட்டாரின் மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஓரிரு நிமிடத்தில் "உள்ள பேரிங் போயிருக்கு" என்பார். பிரித்தால் அப்படியே இருக்கும். அதனால்தான் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். குமாஸ்தா கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்துகொண்டு, திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக் கிண்ணங்களில் போடுவார். கம்பியைச் சுரண்டித் தருவார். எட்டு மணிக்குக் கடைக் கதவை இழுக்கிற வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். எட்டு வருடமாக இப்படி.

குமாஸ்தாவின் மனைவி ஒரு பேக்கரியில் கேக்குகளின் மேல் பெயர் எழுதுகிறவள். காகிதக் கூம்பில் க்ரீமை நிரப்பி, நுனியை வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவாள். எவ்வளவு நீளமான பெயரைக் கொடுத்தாலும் கேக்கின் ஓரத்தில் இடித்துக்கொள்ளாமல் நடுவில் உட்கார வைத்துவிடுவாள். எழுத்துக்காகவே அந்தப் பேக்கரிக்கு வருகிறவர்கள் உண்டு.

காலையில் அவளுக்கு எட்டரைக்குள் கிளம்ப வேண்டும். அவசரத்தில் குக்கரில் தண்ணீர் குறைவாக வைத்துவிடுவாள். அப்படி ஒரே மாதத்தில் இரண்டு தடவை சேஃப்டி வால்வு உருகி, ஆவியெல்லாம் வெளியே போய், சமையலறை முழுக்கக் கருகல் நாற்றம். இரண்டாவது தடவை, "வால்வு வாங்கி மாத்துங்க, மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்றைக்கு அவருக்கு விடுமுறை. கடைக்குப் போய் வால்வு வாங்கலாம் என்றுதான் சட்டையை மாட்டினார். அப்போது அலமாரியில் ஒரு பித்தளை போல்ட் கண்ணில் பட்டது. அலுவலகத்தில் கழித்துப் போட்ட மீட்டரிலிருந்து எடுத்து வைத்தது. எடுத்து மூடியின் ஓட்டையில் வைத்துப் பார்த்தார். அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் சரியாக உட்காரும் போலிருந்தது. உட்கார்ந்தது. உள்பக்கம் ரப்பர் வாஷர் ஒன்று, நட் ஒன்று. தண்ணீரை வைத்துக் கொதிக்கவிட்டார். ஒரு பொட்டு ஆவிகூடக் கசியவில்லை. விசில் மூன்று ஒழுங்காக வந்தது.

அந்த வால்வு எதற்கு என்று அவருக்குத் தெரியாமலில்லை. மேலே விசில் துவாரம் அடைத்துக்கொண்டால் ஆவிக்கு வேறு வழி வேண்டும். ஆனால் அவர் வீட்டில் என்றைக்கு விசில் துவாரம் அடைத்துக்கொண்டது?

சாயங்காலம் வந்து அவள் கேட்டாள், "வால்வு?"

"மாத்திட்டேன்" என்றார். ஒரு மாதம் ஓடட்டும், அப்புறம் சொல்லி அசத்தலாம் என்று நினைத்தார்.

இரண்டு வாரம் கழித்துக் குக்கரின் கைப்பிடி ஆட ஆரம்பித்தது. அவளே வேலைக்குப் போகிற வழியில் அதைக் காதுக்காரர் கடையில் கொடுத்துவிட்டு, மறுநாள் வாங்கிக்கொண்டு வந்தாள். கைப்பிடி மாற்றி, காஸ்கெட்டும் தேய்ந்திருக்கிறதென்று புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தார்.

அதற்கு ஐந்தாம் நாள் காலை. குமாஸ்தா குளித்துக்கொண்டிருந்தார். அவள் பயறு வேக வைத்திருந்தாள். விசில் வரவில்லையே என்று அடுப்பை அணைக்கக் கிட்டே போயிருக்கிறாள். பயறுத் தோல் ஒன்று விசில் துவாரத்தில் சிக்கியிருந்ததை அவள் எப்படிக் கண்டாள்? டமார் என்ற சத்தத்தில் குமாஸ்தா சோப்பு நுரையோடு ஓடிவந்தபோது காஸ்கெட் பிய்ந்து ஜன்னலில் தொங்கியது. மூடி ஒரு பக்கம் கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தை மறைக்கத் தூக்கிய வலது கை தூக்கியபடியே நின்றது. விரலிலிருந்து முழங்கை வரை பயறு அப்பியிருந்தது. அவள் கத்தவில்லை. "தண்ணி ஊத்துங்க" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். "தண்ணி ஊத்துங்க. தண்ணி ஊத்துங்க."

அவர் குளியலறைக்கு ஓடினார். வாளியில் தண்ணீர் அடியில்தான் கிடந்தது. குழாயைத் திறந்தார். வடிகட்டி வழியாகத் தண்ணீர் நூலாக இறங்கியது. அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பிய்த்து எறிந்தார்.

மருத்துவமனையில் கட்டுப் போட்டு, இரண்டு நாள் இருக்கச் சொன்னார்கள். மத்தியானம் அவளுக்கு மாற்று உடை எடுக்க அவர் மட்டும் வீட்டுக்கு வந்தார். சமையலறையில் பயறு காய்ந்து சுவரோடு ஒட்டியிருந்தது. மூடியை எடுத்துத் திருப்பினார். போல்ட் அசையாமல் இருந்தது. அவர் போட்டது போட்டபடி.

ஸ்பேனரை எடுத்தது அவருக்கு நினைவிருக்கிறது. எதற்கு எடுத்தோம் என்று யோசித்ததாக நினைவில்லை. நட்டைக் கழற்றி, போல்ட்டை உருவி, அலுவலகப் பையின் உள்ஜேபியில் போட்டுக்கொண்டார். பிறகு அவளுடைய துணிகளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்.

அன்று சாயங்காலமே மச்சான் வந்துவிட்டார். அவள் அண்ணன், பஸ் கண்டக்டர். சீருடையைக்கூட மாற்றவில்லை. தங்கையின் கையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "கடைசியா குக்கரைத் தொட்டது யாரு மாப்ள?" என்று கேட்டார்.

"கைப்பிடி மாத்த முனைக்கடையில குடுத்தா" என்றார் குமாஸ்தா. அது பொய்யில்லை.

வீட்டுக்குப் போய் மூடியை எடுத்துக்கொண்டு மச்சான் முன்னால் நடந்தார். குமாஸ்தா ஓர் அடி பின்னால் போனார். காதுக்காரர் ஒரு விசிறியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடை வாசலில் நாலு பேர் நின்றார்கள். மச்சான் மூடியைப் பலகைமேல் ஓங்கி வைத்தார்.

"இது நீ பாத்ததா?"

"ஆமாங்க. என்னாச்சு?"

"எந்தங்கச்சி கை வெந்து கெடக்கு. என்னாச்சுன்னு என்னையே கேக்குறியா? பாரு, வால்வு இருக்க வேண்டிய எடத்துல ஓட்டைதான் இருக்கு. ஒழுங்கா மாட்டியிருந்தா அது பிச்சுக்கிட்டுப் போயிருக்குமா?"

காதுக்காரர் மூடியைக் கையில் எடுத்தார். திருப்பினார். ஓட்டைமேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். பிறகு தலையைத் தூக்கிக் குமாஸ்தாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. குமாஸ்தா விசிறி இறக்கைகளைப் பார்க்கத் தொடங்கினார்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் காதுக்காரர்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்று மச்சான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். மேல் பொத்தான் தெறித்தது.

"என் தப்புதாங்க" என்றார் காதுக்காரர். "நான் பாத்திருக்கணும். என் தப்புதான்."

ஒத்துக்கொண்ட ஆளை என்ன செய்வதென்று மச்சானுக்குத் தெரியவில்லை. சட்டையை விட்டுவிட்டு, நாலு பேருக்கும் கேட்கும்படி, "இவன்கிட்டக் குடுத்துட்டு உசுரோட வெளையாடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். குமாஸ்தா ஏதோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டு அவர் பின்னால் போனார்.

அந்த நாலு பேரும் நாற்பது பேரிடம் சொன்னார்கள். ஒரே வாரத்தில் காதுக்காரர் கடையில் விசிறி குறைந்தது, மிக்ஸி குறைந்தது. கொடுத்த பொருளைப் பழுது பார்க்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. குமாஸ்தா அந்தப் பக்கம் போவதை விட்டார். அலுவலகத்திலிருந்து பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

வீட்டில் அவர்தான் சமைத்தார், துவைத்தார், அவளுக்குத் தலை சீவிவிட்டார். அவள் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு விரல் முன்போல முழுக்க மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேக்கரியில் கூம்பை வேறொரு பெண் கையில் கொடுத்துவிட்டு, இவள் வந்தால் கல்லாவில் உட்காரலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"பரவால்ல, உக்காந்துக்கிட்டே செய்யிற வேலை" என்றாள் அவள். அன்று இரவு சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டு டீச்சர் தண்ணீர் சூடாக்குகிற ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், இது பாதியில நின்னு போகுது. முனைக்கடையில குடுக்க மனசு வரல. நீங்கதான் எல்லாம் பண்ணுவீங்களே, கொஞ்சம் பாத்துத் தர்றீங்களா?"

ஏற்கனவே பக்கத்து வீட்டு இஸ்திரிப்பெட்டி ஒன்றும், எதிர்வீட்டு மிக்ஸி ஒன்றும் இதே காரணத்துக்காக அவரிடம் வந்து சேர்ந்திருந்தன. குமாஸ்தா வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் குரல் கொடுத்தாள்.

"வெச்சுட்டுப் போங்க டீச்சர். இவரு பாத்துக் குடுப்பாரு. ஒருத்தரை நம்பிக் குடுத்து நான் பட்டது போதும். இவரு பண்றது கோணல்மாணலா இருக்கும், ஆனா ஆளைக் கொல்லாது."

டீச்சர் சிரித்துக்கொண்டே போனார். குமாஸ்தா ஹீட்டரைக் கையில் பிடித்தபடி நின்றார். உள்ளே போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அது அவரு தப்பில்ல" என்றார்.

"எது?"

"குக்கர். அவரு கைப்பிடியும் காஸ்கெட்டும்தான் மாத்துனாரு. வால்வு எடத்துல ஒரு போல்ட் இருந்துச்சு. நான் போட்டது."

அவள் புரியாதவள் போலப் பார்த்தாள். "புது வால்வு போட்டேன்னு சொன்னீங்களே."

"மாத்திட்டேன்னுதான் சொன்னேன்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. இந்த நேரத்திலும் தப்பித்துக்கொள்ள ஒரு சந்து தேடுகிறோமே என்று உடம்பு கூசியது. அவள் அதைக் கவனித்தாளா தெரியவில்லை.

"எங்க அந்த போல்ட்?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இடது கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். சின்னப் பொருள். அவள் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"இதை எப்ப எடுத்தீங்க?"

"அன்னிக்கு மத்தியானம். உனக்குத் துணி எடுக்க வந்தப்ப."

"நான் அங்க கட்டோட கெடந்தப்ப."

"ஆமா."

"எங்கண்ணன் அந்த மனுஷன் சட்டையைப் புடிச்சப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"பக்கத்துல."

"பக்கத்துலன்னா?"

"ஒரு அடி தள்ளி."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் போல்ட்டைத் தரையில் வைத்தாள். "அண்ணனுக்கு நீங்களே போன் போடுங்க" என்றாள். "நான் போட மாட்டேன். எந்த வாயால சொல்லுறது."

மச்சான் மறுநாள் வேலை முடிந்து வந்தார். குமாஸ்தா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ல எவ்வளவோ சண்டை பாத்திருக்கேன் மாப்ள. குடிச்சிட்டு வருவான், எச்சில் துப்புவான், டிக்கெட் எடுக்க மாட்டேம்பான். இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தன்மேல கை வெச்சதில்ல. உங்க பேச்சைக் கேட்டு ஒரு வயசான மனுஷன்மேல வெச்சுட்டேன்."

"நான் அவரு பேரைச் சொல்லல மச்சான்..."

"நீங்க சொல்லல. அதான் நான் சொல்றேன்." எழுந்தார். "கெளம்புங்க. நாலு பேரு இருக்கிற நேரத்துலதான் போகணும்."

ஆனால் கடை வாசலில் ஒருவரும் இல்லை. காதுக்காரர் சும்மா உட்கார்ந்து கிண்ணங்களில் இருந்த திருகாணிகளைக் கொட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார். தான் ஆள் தெரியாமல் கை வைத்ததாகவும், பழுது தன் வீட்டு ஆள் செய்தது என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். எதிரே கடை வைத்திருந்தவர் எட்டிப் பார்த்தார். குமாஸ்தா முன்னால் வந்தார்.

"அண்ணே, நான்தான். போல்ட் போட்டதும் நான், எடுத்ததும் நான். நீங்க எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டீங்க."

காதுக்காரர் துணியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்காக இல்ல சார்" என்றார். "அன்னிக்கு நான் சொன்னது நெசம். காஸ்கெட் போட மூடியைத் திருப்புனப்பவே போல்ட்டைப் பாத்துட்டேன். அரத்துல தேச்சிருந்த வாட்டத்தைப் பாத்ததும் உங்க கைதான்னு தெரிஞ்சுபோச்சு. எடுத்துப் போட்டுட்டு ஒரு வால்வு மாட்ட எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது. வால்வு இந்தா, இந்த டப்பாலதான் இருக்கு."

"அப்புறம் ஏன் அண்ணே?"

"போன வருஷம் ஒரு இஸ்திரிப்பெட்டியில எர்த் கம்பியைத் தப்பா குடுத்தீங்க. ஆளுங்க முன்னாடி அதைச் சொல்லிட்டேன். மூணு வாரம் நீங்க கடைப்பக்கமே வரல. எனக்கு வீட்ல யாரு இருக்கா சொல்லுங்க. சாயங்காலம் ஆனா நீங்க உக்கார்ற அந்த பெயின்ட் டப்பாவையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்." நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார். "மறுபடியும் சொன்னா மறுபடியும் வராம போயிடுவீங்களோன்னு விட்டுட்டேன். சாயங்காலம் வந்தா நீங்களே பேச்செடுப்பீங்கன்னு பாத்தேன். எடுக்கல."

குமாஸ்தாவுக்கு அந்தச் சாயங்காலம் நினைவு வந்தது. மூடியைப் பார்த்திருப்பாரே, பிரமாதம் சார் என்று எப்போது சொல்வார் என்று அவர் காத்துக்கொண்டிருந்த சாயங்காலம் அது.

அடுத்த நொடி அவர் நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. தான் மட்டும் இல்லை, இன்னொருத்தரும் இருக்கிறார். தொழில் தெரிந்தவரே பார்த்துவிட்டு விட்டிருக்கிறார். இதை வீட்டில் போய்ச் சொல்லலாம். காலையிலிருந்து சாப்பிடாத வயிறு பசிக்கக்கூட ஆரம்பித்தது. அப்போதுதான் தன் மனம் எதற்காகச் சந்தோஷப்படுகிறது என்று அவருக்கு உறைத்தது. அந்தக் கடையில், தன் பழைய இடத்தில், உட்கார இடம் இருந்தும் அவரால் உட்கார முடியவில்லை.

"இதை அம்மாகிட்ட நான்தான் வந்து சொல்லணும்" என்று காதுக்காரர் கடைக் கதவை இழுத்தார். "உங்க வாயால போகக்கூடாது."

மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை இடது கையால் மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நுனியை முழங்காலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியைக் கொண்டுவந்து சேர்த்தாள். காதுக்காரரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, வாசற்படியை ஒட்டியே நின்றுகொண்டு அவர் சொன்னார். போல்ட்டைப் பார்த்தது, பார்த்தும் சொல்லாதது, ஏன் சொல்லாதது, எல்லாம். குமாஸ்தா அவர் பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை ஓர் அடி தள்ளி நிற்கவில்லை.

அவள் கேட்டு முடித்தாள். கையிலிருந்த துணியை மடிக்காமல் வைத்திருந்தாள்.

"தெனமும் ஆறு மணிக்குப் போனா எட்டு மணிக்கு வருவாரு" என்றாள். "எட்டு வருஷமா. போன வருஷம் அந்த மூணு வாரம் தவிர ஒரு நாள்கூட தவறினதில்ல. எனக்கு உடம்பு சரியில்லாத அன்னிக்கும் போயிருக்காரு." இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் குரலில் கோபத்தைவிட, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி ஏதோ இருந்தது. "அத்தனை நாளும் ரெண்டு பேரும் உக்காந்து அப்படி என்னதான் பேசுனீங்க?"

குமாஸ்தா காதுக்காரரைப் பார்த்தார். காதுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். கேட்டவருக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"பொதுவா மோட்டார் பத்திதாம்மா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் துணியின் நுனியை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தி, மறு நுனியைத் தேடி எடுத்தாள். அது நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்க இருவருமே குனிந்தார்கள்.

"விடுங்க" என்றாள். "நான் எடுத்துக்கிறேன்."

அவள் குனிந்து எடுத்து மடிக்கத் தொடங்கினாள். உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை. போகிறோம் என்று சொல்ல அவர்களுக்கும் நாக்கு வரவில்லை. அடுக்கில் இன்னும் பாதித் துணி இருந்தது. இருவரும் அப்படியே நின்றார்கள்.